லேப்டாப் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டால் முதலில் சார்ஜரைப் பாருங்கள்

லேப்டாப் திடீரென்று மந்தமாகிவிட்டது என்று பழுதுபார்க்கக் கொண்டு வருபவர்களில் பலர், அதற்கு முன்பே விண்டோஸை அழித்து மறுபடியும் நிறுவியிருப்பார்கள். சிலர் ரேமைக் கூட்டியிருப்பார்கள், ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றியிருப்பார்கள். அத்தனை செலவுக்குப் பிறகும் மந்தம் நீங்கவில்லை என்றால், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, சிபியு, அதாவது புராசஸரின் வேகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

வேலை எதுவும் ஓடாதபோது வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் வரை இறங்குவது இயல்பு. மின்சாரத்தைச் சேமிக்கப் புராசஸர் தானாகவே அப்படிச் செய்கிறது. ஆனால் கனமான வேலை கொடுத்த பிறகும் அந்த எண் 0.39 அல்லது 0.79-ஐ விட்டு அசையவில்லை என்றால் அது கோளாறு. இன்டெல் புராசஸர்களின் அடிப்படைத் துடிப்பு பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு பெருக்கியால் பெருக்கினால் வருவதே புராசஸரின் வேகம். அந்தப் பெருக்கி 4-இலோ 8-இலோ பூட்டப்பட்டுவிட்டதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

அடுத்து வெப்பநிலையைப் பாருங்கள். 95 முதல் 100 டிகிரி வரை ஏறியிருந்தால் விசிறியில் அடைந்த தூசியும் புராசஸரின் வெப்பத்தை வெளியே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் உலர்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெப்பம் 45, 50 டிகிரியில் இருக்க, வேகம் மட்டும் அடிமட்டத்தில் கிடந்தால், புராசஸரை வெளியிலிருந்து வேறொன்று தடுக்கிறது என்று பொருள். பவர் ஆப்ஷன்ஸில் புராசஸரின் உச்ச அளவு 100 சதவீதமாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, வன்பொருளின் பக்கம் வரலாம்.

தான் அதிகமாகச் சூடாகிவிட்டதாகப் புராசஸர் அறிவிப்பதற்கு பிராக்ஹாட் என்ற இணைப்பு உண்டு. இது இருவழிப் பாதை என்பதால், மதர்போர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சிப்பும் இதே வழியாக வேகத்தைக் குறைக்கும்படி புராசஸருக்குக் கட்டளையிட முடியும். சார்ஜரை அடையாளம் காண முடியாதபோதும், பேட்டரி நலிந்துவிட்டபோதும், வெப்ப உணரி பழுதாகித் தவறான அளவைக் கொடுக்கும்போதும் இந்தக் கட்டளை பிறக்கலாம்.

இவற்றில் மிக எளிதாகச் சோதிக்கக்கூடியது சார்ஜர். உருளை முனை கொண்ட பல சார்ஜர்களின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி, இது எத்தனை வாட் சார்ஜர் என்ற தகவலைச் சொல்வதற்காகவே இருக்கிறது. அந்தக் கம்பி உள்ளே அறுந்துவிட்டாலும் மின்சாரம் வரும், விளக்கும் எரியும். ஆனால் சார்ஜரின் திறன் தெரியாததால் லேப்டாப் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துவிடும், பேட்டரியிலும் சார்ஜ் ஏறாமல் போகலாம். சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டும்போது வேகம் சட்டென்று ஏறினால், ஐயம் சார்ஜர் மீதும் அது செருகப்படும் துளை மீதும் விழ வேண்டும். டைப்-சி லேப்டாப்களில், 90 வாட் கேட்கும் கருவிக்கு 45 வாட் சார்ஜரைப் போட்டாலும் இதே விளைவு வரலாம்.

சார்ஜர் சரியாக இருந்தால், லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்து, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். கட்டுப்பாட்டுச் சிப்பில் தங்கிவிட்ட தவறான நிலை பல மாடல்களில் இதனால் நீங்கிவிடும். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் லேப்டாப்பை அணைத்து உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில், வெளியிலிருந்து வரும் அந்தக் கட்டளையைப் புராசஸர் ஏற்கச் செய்யும் பிடி பிராக்ஹாட் என்ற தேர்வுக் குறியை நீக்கினால் வேகம் திரும்பிவிடும் என்று இணையத்தில் பலர் சொல்கிறார்கள். பல கருவிகளில் அது உண்மைதான். புராசஸரின் சொந்த வெப்பப் பாதுகாப்பு அதன் பிறகும் வேலை செய்யும். ஆனால் மின்வழங்கு சுற்றோ கிராபிக்ஸ் சிப்போ உண்மையிலேயே சூடாகி எச்சரித்தால், அந்த எச்சரிக்கை புராசஸரைச் சென்றடையாது. ஆகவே கோளாறு எங்கே என்று கண்டறிவதற்கும், ஓரிரு நாள் அவசர வேலையை முடிப்பதற்கும் மட்டுமே இதைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று எங்காவது சொன்னால், அதே மாடலுக்குரிய வேறொரு அசல் சார்ஜரை மாட்டிப் பார்த்தார்களா, பேட்டரியைக் கழற்றி வைத்துச் சோதித்தார்களா என்று கேட்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள்.