சொல் விளக்கம்: ‘ஆக்‌ஷன் ஸ்மூத்திங்’

லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது அடியிலுள்ள லீவரைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது. அகராதியைப் பார்த்து ‘செயலை மென்மையாக்கல்’ என்று எழுதினால் துப்பாக்கி தெரிந்தவருக்கும் விளங்காது, தமிழ் தெரிந்தவருக்கும் விளங்காது.

இங்கே ஆக்‌ஷன் என்பது செயல் அல்ல. தோட்டாவை அறைக்குள் ஏற்றிப் பூட்டி, வெடித்தபின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் உறுப்புகளின் தொகுதி. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டுகிறதே, அந்த அமைப்புக்கும் ஆங்கிலத்தில் ஆக்‌ஷன் என்றுதான் பெயர். ‘ஓட்டு, இயக்கு’ என்னும் பொருளுள்ள லத்தீன் ‘அகெரே’தான் வேர். தமிழில் ‘இயங்கமைப்பு’ பொருந்தும்.

லீவரும் லத்தீன்தான்: ‘லெவாரே’, அதாவது தூக்குதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நமக்கு நெம்புகோல் இருக்கிறது. குமரி மாவட்டத்துக் கல்வேலைக்காரர்கள் கம்பிப்பாரையைக் கல்லுக்கடியில் கொடுத்து ‘ஒரு நெம்பு நெம்புங்க’ என்பார்கள், அதே நெம்புதான்.

துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்தது. 1741 குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய், தக்கலைக்குப் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த காலத்தில் நெம்புகோல் துப்பாக்கியெல்லாம் கிடையாது. குழலின் வாய்வழியே வெடிமருந்து இட்டு இடிக்க வேண்டும். ஹென்றி ரைஃபிள் அமெரிக்காவில் 1860இல்தான் வந்தது. அதன் வழியில் வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாதிரி, பிறகு ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892, 1894 மாதிரிகள்.

இனி ஸ்மூத்திங். நெம்புகோலைக் கீழே தள்ளும்போது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் பின்னால் போகிறது, வெற்றுக் கூடு தெறிக்கிறது, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் பின்னால் மடங்குகிறது. திருப்பி இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிப் பூட்டிக்கொள்கிறது. வெட்டிய உலோகத்தில் பிசிறு நின்றால் இந்த ஓட்டம் நறநறவென்று உரசும். எனவே துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உறுப்புகளின் மேல் மார்க்கர் மை பூசி, கூட்டி, சில தடவை இயக்கிப் பார்ப்பார்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தில் மட்டும் நைசான எண்ணெய்க்கல்லால் (எண்ணெய் விட்டுத் தேய்க்கும் சாணைக்கல்) மெல்லத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளை எடுத்துக் கண்டபடி தேய்ப்பது வேலையே இல்லை, கெடுதல். போல்ட்டைப் பூட்டும் பரப்புகளையும், விசையும் (சுடுவதற்கு விரலால் இழுக்கும் உறுப்பு) சுத்தியலும் கவ்வும் விளிம்பையும் தொடவே கூடாது. முதலாவது தேய்ந்தால் பூட்டு தளரும். இரண்டாவது தேய்ந்தால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம்.

இதற்குத் தமிழ்ச் சொல்? ‘வழவழப்பாக்கல்’ மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. எனக்குப் பிடித்தது ‘இழைத்தல்’. ஆசாரி இழைப்புளியால் மரத்தை இழைக்கிறார், சந்தனம் இழைக்கிறோம். மேடு குறைந்து ஒத்துப்போவது அதில் இருக்கிறது. ‘இயங்கமைப்பை இழைத்தல்’ என்று எழுதலாம். பட்டறைப் பேச்சில் ‘பிசிறு எடுத்து ஓட்டம் இழைச்சாச்சு’ என்றால் போதும், யாருக்கும் புரியும்.

சரி, நாகர்கோவிலில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை என்று எண்ணி யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுதக் கடையில்தான் கொடுக்க வேண்டும்.