மெல்லிய காற்றுக்கு நீளமான இறக்கை

"காற்று மெதுவாக வீசும் இடத்தில் காற்றாலை வைத்துப் பயன் உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. ஆனால் பலத்த காற்றுக்கென்று செய்த காற்றாலையை அங்கே நட்டால் ஏமாற்றம்தான்.

காரணம் நமக்குத் தெரிந்ததே. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது. அது பெட்ஸ் வரம்பு. கோபுரத்தை உயர்த்தினால் தரையின் உராய்வு குறைந்து வேகம் சற்றுக் கூடும். சரி, அதற்கு மேல்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது: ஜெனரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இறக்கையை மட்டும் நீட்டுவது. வெஸ்டாஸ் நிறுவனத்தின் வி80, வி110 என்ற இரண்டு காற்றாலைகளைப் பாருங்கள். இரண்டுமே 2 மெகாவாட். முன்னதன் சுழல்வட்டம் 80 மீட்டர் விட்டம், பின்னதன் வட்டம் 110 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர மீட்டரிலிருந்து 9,500 ஆகிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகக் காற்றில், 45 சதவீதம் பிடிபடுகிறது என்று கொண்டால், முதலாவது சுமார் 300 கிலோவாட் தரும். இரண்டாவது 560-ஐத் தாண்டும். அதே காற்றுதான்!

பெருங்காற்று அடித்தால் இவ்வளவு பெரிய இறக்கை ஜெனரேட்டரை மிஞ்சிவிடாதா? மிஞ்சாது. முழுத் திறனை எட்டியதும் இறக்கைகள் தம் கோணத்தைத் திருப்பி, மிச்சக் காற்றை நழுவ விட்டுவிடும். வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் மெல்லிய காற்று வீசும் இடத்தில் அப்படிப்பட்ட நேரம் வருடத்தில் கொஞ்சம்தான். அதை விட்டுக்கொடுத்து, மற்ற நேரமெல்லாம் கூடுதலாக அறுவடை செய்கிறோம். மின்சாரமும் விட்டுவிட்டு வராமல் ஓரளவு சீராக வரும்.

சிக்கல் எடையில். இறக்கையை அதே வடிவில் இரு மடங்கு நீட்டினால் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. அதனால்தான் எடை குறைந்த, ஆனால் உறுதியான கார்பன் இழை வந்தது. பெட்ஸ் வரம்பையே உடைப்பதாகச் சொல்லும் அதிசய வடிவங்களுக்குப் போகும் பணம், இந்த இழை ஆய்வுக்கும் காற்றை அளக்கும் வேலைக்கும் போக வேண்டும் என்பேன்.

அளப்பது என்றால் சராசரி வேகம் மட்டும் போதாது. பாதி நேரம் 3, பாதி நேரம் 9 என்று வீசினாலும் சராசரி 6தான். ஆனால் எப்போதும் 6-லேயே வீசும் காற்றைவிட அதில் ஒன்றேமுக்கால் மடங்கு ஆற்றல் இருக்கிறது.