நரம்பில் ஒன்றும் இல்லை, தம்பி

போன வாரம் மட்டும் மூன்று பேர். வயிற்றுப் பொருமல், தூக்கமின்மை, முட்டி வலி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி டோக்கன் எடுத்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் மூவர் வாயிலும் ஒரே சொல்: "நரம்புத் தளர்ச்சி, டாக்டர்." ஆணுறுப்பு விறைக்காததற்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர். யாங்கோனில் இத்தனை வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் நரம்பு தளர்கிறது.

முட்டி வலிக்காரன் யாங்கோனின் தாமுவே பகுதிப் பையன். கல்யாணமாகிப் பதினெட்டு நாள். லுங்கி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே அரை நீல மாத்திரை, வயாக்ரா வகை. தெருவோரத் தட்டில் வாங்கியது. எத்தனை மில்லிகிராம் என்று அவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரிந்திருக்காது. முதல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை. பலனில்லை.

காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது இருக்கு டாக்டர்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது. கனவு காணும் தூக்கத்தில், ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்து போகும். நரம்பு கெட்டவனுக்குத் தூக்கத்தில் மட்டும் அது எங்கிருந்து வரும்? உண்மையில் இங்கே தேவையே தளர்ச்சிதான். ரத்தக் குழாயின் சுவர் தளர்ந்தால்தான் ரத்தம் நிரம்பும். பயந்தால் அட்ரினலின் பாய்ந்து அதே குழாயை இறுக்கிவிடும். நாய் துரத்தும்போது எவனுக்கும் விறைப்பு வராது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருமிக்கொண்டிருக்க, "இன்னைக்காவது ஆகுமா" என்று தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்பவனுக்கு, நாய் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. அந்த நீல மாத்திரையும் கிளர்ச்சி வந்தபிறகு கைகொடுக்குமே தவிர, கிளர்ச்சியைத் தானாக உண்டாக்காது.

அடுத்து அவன் கேட்டான் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கட்டுரையே. "சின்ன வயசுல நிறைய வீணாக்கிட்டேன். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தமாமே?" இல்லை. விந்து ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கும் சரக்கு அல்ல. ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பழச் சர்க்கரை. விந்துப் பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரப்பவை. விந்தணுக்கள் இரவு பகலாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. சேர்த்து வைத்தாலும் வட்டி கிடையாது. ஒரு பேச்சுக்கு அந்த நாற்பது கணக்கையே எடுத்துக்கொள்வோம்: 5 மில்லிக்கு 200 மில்லி ரத்தம். ரத்த தானத்தில் 350 மில்லி கொடுத்துவிட்டு, ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு நடந்து போகிறீர்களே ஐயா!

இதில் வேடிக்கை, நிஜமாகவே நரம்பு கெட்டிருக்கக்கூடியவர் இந்தப் பையன் இல்லை. பத்து வருடச் சர்க்கரைக்காரர். அவரோ நரம்புத் தளர்ச்சி என்று ஒருநாளும் சொல்வதில்லை. "வயசாயிடுச்சு" என்று எழுந்து போய்விடுகிறார். போகாதீர்கள் அண்ணே. ஆணுறுப்பின் ரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம், இதயத்துடையது மூன்று நான்கு. அடைப்பு முதலில் சின்னதில்தான் தெரியும். விறைப்பு குறைவது, சில வருடம் கழித்து வரப்போகிற நெஞ்சு வலிக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். சிகரெட்டை விடுங்கள். பிரஷர் மாத்திரையால்தான் விறைப்பு குறைகிறதோ என்று சந்தேகமா, என்னிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நீல மாத்திரையே நெஞ்சு வலிக்காக ஆராய்ந்த மருந்துதான். 1998-இல் வேறு வேலைக்கு அனுமதி வாங்கியது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். ஆள் எழுந்திருக்காமலே போகலாம். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் நீல மாத்திரை சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் முதலில் அதைச் சொல்லுங்கள். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் அடங்கவில்லையா, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். "மூலிகை மட்டும்" என்று விற்கும் லேகியங்களிலும் இதே மருந்தைச் சொல்லாமல் கலப்பதுண்டு.

பையனுக்கு மருந்து எழுதவில்லை. இரண்டு வாரம் எந்த முயற்சியும் வேண்டாம், பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருங்கள், தொட்டுக்கொண்டிருங்கள், போதும் என்றேன். அடுத்த முறை மனைவியையும் கூட்டி வா என்றேன்.

"வெளியேதான் உக்காந்திருக்கா டாக்டர். முட்டி வலின்னு சொல்லி வச்சிருக்கேன்."