யுக்கத்தா: அது குளியல் அங்கி அல்ல

"கியோன் திருவிழாவுக்கு இளம்பெண்கள் வண்ண வண்ணக் குளியல் அங்கிகள் அணிந்து வந்திருந்தனர்." ஜப்பான் பயணக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் போன வாரம் படித்த வரி இது. யுக்கத்தா என்னும் ஜப்பானியக் கோடை உடையைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். தொடர்களின் வசன வரிகளில் இதே 'குளியல் அங்கி'யை ஏற்கெனவே பலமுறை பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். கியோட்டோவில் இரண்டு ஆண்டு படித்தவள் நான். ஜூலை மாதத்து அந்தத் தெருவில், அந்தக் கூட்டத்தில், அதே உடையில் நின்றிருக்கிறேன். தமிழ் வரியைப் படிப்பவர், குளித்துத் துவட்டாத கோலத்தில் பெண்கள் வீதிக்கு வந்துவிட்டதாகத்தானே நினைப்பார்?

சொல் பிறந்த கதை சிறியது. 'யு' என்றால் வெந்நீர். 'கத்தபிரா' என்றால் உள்துணி வைத்துத் தைக்காத ஒற்றை அடுக்கு உடை. ஹெயான் காலத்துப் (8-12ஆம் நூற்றாண்டு) பிரபுக்கள் நீராவிக் குளியலுக்கு உடுத்திச் சென்றது 'யுக்கத்தபிரா'. பின்னால் அதன் வால் உதிர்ந்து 'யுக்கத்தா' ஆனது. எடோ காலத்தில் (17-19ஆம் நூற்றாண்டு) பருத்தி பரவியது, ஊர்ப் பொதுக் குளிப்பகங்கள் பெருகின. குளித்த பின் உடுத்தும் உடை மெல்ல வாசலுக்கு வந்து, தெருவுக்கு வந்து, திருவிழாவுக்கும் வந்துவிட்டது. எழுதுவது மட்டும் இன்றும் 'குளியல்', 'உடை' என்று பொருள் தரும் இரண்டு சீன எழுத்துகளால்தான். (பலரும் 'யுகாதா' என்று எழுதுகிறார்கள். சொல்லின் நடுவில் தனியே வரும் ககரமும் தகரமும் நம் வாயில் மென்மையாகிவிடும். யுகாதிப் பண்டிகைதான் நினைவுக்கு வரும். அதனால் நான் ஒற்று இரட்டித்தே எழுதுகிறேன்.)

குளியல் அங்கிக்காரர்கள் பிடித்துக்கொண்டது அந்த இரண்டு எழுத்துகளைத்தான். "வேர்ப்பொருளே குளியல்தானே" என்பார்கள். சரி, நம் 'எண்ணெய்'யின் வேர்ப்பொருள் என்ன? எள்ளின் நெய். தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது யாராவது எள்ளைத் தேடுகிறோமா? மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? சொல் பிறந்த இடம் வேறு, இன்று அது வாழும் இடம் வேறு. மொழிபெயர்ப்பவர் போய்ப் பார்க்க வேண்டியது வாழும் இடத்தை.

'குளியல்' பாதிப் பிழைதான். 'அங்கி' முழுப் பிழை. அங்கி என்றதும் தமிழருக்குத் தெரிவது பாதிரியாரின் நீண்ட உடை, வழக்கறிஞரின் கருப்பு உடை, பட்டமளிப்பு விழாவில் வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வது. ஆளின் அளவுக்குத் தைத்து, மேலே மாட்டிக்கொள்வது. யுக்கத்தா அப்படிப்பட்டதே இல்லை. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமும் கொண்ட ஒரே துணிச்சுருளை நேர்கோட்டில் வெட்டி இணைக்கிறார்கள். பெண்கள் அதைத் தோளில் இட்டு, தங்கள் உயரத்துக்கு ஏற்ப இடுப்பில் மடித்து இறக்கி, மேலே கச்சையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். உயரம் கொஞ்சம் வேறுபட்டாலும் அம்மாவின் யுக்கத்தாவை மகள் உடுத்தலாம். உடம்புக்கு ஏற்பத் துணியை வெட்டாமல் மடித்தே சரிசெய்துகொள்ளும் இந்த முறை, கொசுவம் வைத்துப் புடவை கட்டியவளுக்குச் சட்டென்று புரியும். அங்கி என்ற சொல் அந்தப் புரிதலை மறைத்துவிடுகிறது.

முதல் கோடையில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா தம் மகளின் பழைய யுக்கத்தா ஒன்றை எனக்குக் கொடுத்தார். நீல நிறத்தில் வெள்ளை மணிப்பூக்கள். அறையில் நானே உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். பார்த்த நொடியில் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் ஓடி வந்து கச்சையை அவிழ்த்தார். வலப்பக்கத்தை மேலே போட்டு மூடியிருந்தேன். உயிரோடிருப்பவர்கள் ஆணோ பெண்ணோ இடப்பக்கத்தைத்தான் மேலே போட வேண்டும். வலம் மேலே வருவது இறந்தவர்களுக்கு. உயிரோடிருப்பவர்களுக்கான இந்த முறையை 719ஆம் ஆண்டிலேயே அரச ஆணையாகப் போட்டிருக்கிறார்கள். குளியல் அங்கியை எந்தப் பக்கம் மூடினால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்? அன்று அந்த அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்த எனக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வராது.

சுமோ மல்லர்களில் மிகக் கீழ்நிலைப் பிரிவினர் பனிக்காலத்திலும் யுக்கத்தாவில்தான் வெளியே நடமாட வேண்டும். மேலே உயர்ந்தால்தான் மற்ற உடைகளுக்கு உரிமை. வசன வரியில் இதைக் 'குளியல் அங்கியில் வந்த மல்லர்' என்று போட்டால், அந்த இளைஞனின் குளிரும் படிநிலையும் காணாமலே போய்விடும்.

இன்னொரு கட்சி இருக்கிறது. குளியல் அங்கி தூய தமிழ் இல்லை, அங்கி வடசொல் என்று சொல்லி 'நீராட்டுடை' என்று ஆக்குகிறார்கள். தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு, ஆனால் இது பிழையை அப்படியே வைத்துக்கொண்டு சட்டையை மட்டும் மாற்றுகிற வேலை. நீச்சலுடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று படிப்பவர் திகைப்பார்.

என் பரிந்துரை 'வேனிலுடுப்பு'. வேனில் நம் பழைய சொல். இளவேனில், முதுவேனில் என்று இன்றும் வழங்குகிறது. யுக்கத்தாவை ஜப்பானிய மரபு உடைகளான மற்ற கிமோனோக்களிலிருந்து பிரிப்பது குளியல் இல்லை, பருவம். உள்ளாடை அடுக்குகள் இல்லாமல், காலுறை இல்லாமல், வெறுங்காலோடு உடுத்துகிற மெல்லிய பருத்தி உடை அது. 'உடுப்பு' என்பதிலும் ஒரு பொருத்தம் உண்டு. ஜப்பானியத்தில் உடலில் உடுத்துவதற்கு ஒரு வினை, காலில் போடுவதற்கு ஒன்று, தலையில் கவிப்பதற்கு ஒன்று. 'கிமோனோ'வே முதல் வினையில் பிறந்தது, 'உடுக்கும் பொருள்' என்று. பூவைச் சூடி, நகையைப் பூண்டு, ஆடையை உடுத்துகிற தமிழுக்கு இந்தப் பாகுபாடு புதிதா என்ன? முதல் முறை வரும்போது 'யுக்கத்தா என்னும் வேனிலுடுப்பு' என்று எழுதிவிட்டு, அப்புறம் யுக்கத்தா என்றே தொடரலாம்.

இத்தனை குழப்பமும் ஆங்கிலத்தின் வழியாகவே ஜப்பானைப் பார்ப்பதால் வருகிறது. ஆங்கில அகராதிக்காரர் எப்போதோ எழுதியதைப் பெயர்த்து வைத்துவிட்டு, அந்த உடையின் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். யுக்கத்தாவின் மேல் கட்டும் 'ஓபி'யை 'பெல்ட்' என்கிறார்கள், தூய்மை பார்ப்பவர் 'இடைவார்' என்கிறார். வார் என்பது தோல்; ஓபி துணி. கச்சை என்ற சொல் நம்மிடம் சும்மாதானே கிடக்கிறது? 'கேத்தா'வை 'மரக் காலணி' என்று எழுதுகிறவர்களுக்குக் கட்டைச் செருப்பு என்ற சொல் எப்படி மறந்துபோகிறது? கல் பாவிய தெருவில் அது எழுப்பும் ஓசைக்கு ஜப்பானியர் 'கரன் கொரோன்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

வெந்நீர் ஊற்று விடுதிகளில் குளித்த பின் இதைத்தானே தருகிறார்கள் என்று ஒரு தோழி கேட்டாள். உண்மை. ஆனால் ஹியோகோ மாநிலத்துக் கினோசாக்கியில் அதே உடையோடு இரவு உணவுக்கு உட்காருகிறார்கள், பாலம் தாண்டி அடுத்த குளிப்பகத்துக்கு நடக்கிறார்கள், கடையில் நின்று பொருள் பார்க்கிறார்கள். அங்கேயும் அது ஊருக்குள் போகும் உடைதான்.

முதலில் சொன்ன வரியை நான் இப்படி எழுதுவேன்: "கியோன் திருவிழாவுக்கு இளம்பெண்கள் வண்ண வண்ண வேனிலுடுப்பு உடுத்தி, கச்சை கட்டி, கட்டைச் செருப்பு ஒலிக்க வந்திருந்தனர்."