லீச்சேட்: குப்பைமேடு போன பின்னும் தங்கும் நீர்

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் பற்றிப் பேசும்போது 'லீச்சேட்' என்ற சொல் வந்துவிடும். தமிழில் எழுதுவோர் பலர் அதைக் 'கழிவுநீர்' என்று எழுதிவிடுகிறார்கள். இது சின்னப் பிழை அல்ல. கழிவுநீர் வீட்டிலிருந்தோ ஆலையிலிருந்தோ குழாயிலும் வாய்க்காலிலும் வருவது. வரும் வழியை அடைத்தால் நின்றுவிடும். லீச்சேட்டுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. குப்பையில் பெய்த மழையும் குப்பையிலேயே இருந்த ஈரமும் அதனூடே இறங்கி, கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் சேரும் கருத்த நீர் அது.

நனைத்தல், நீர் பாய்ச்சுதல் என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த 'லீச்' என்பதே இதன் மூலம். பின்னாளில் மரச்சாம்பலில் நீரூற்றிக் காரநீர் வடித்தெடுப்பதற்கும் அது வழங்கியது. அட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'லீச்' வேறு சொல். தமிழெழுத்தில்தான் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன.

ஃபில்டரில் காப்பிப் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் இறங்குகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. இறங்கிய பிறகு திப்பியைக் கொட்டிவிட்டாலும் டிகாஷன் கீழேதான் இருக்கும். மேட்டை அகற்றிவிட்டோம், இனி பூங்கா அமைக்கலாம், வீடு கட்டலாம் என்று பேசுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்து லவ் கெனாலில் இதை மறந்தார்கள். வேதிக் கழிவுகளைப் புதைத்து மூடிய நிலம் 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கைமாறியது. அங்கே பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1970களின் பெருமழையில் நிலத்தடி நீர் உயர, புதைந்திருந்த வேதிப்பொருள்கள் நிலவறைகளுக்குள் கசிந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

எனவே கட்டுமானத்துக்கு முன் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பார்த்து, அங்கே என்ன கொட்டினார்கள், எதுவரை கொட்டினார்கள் என்று அறிய வேண்டும். பிறகு துளையிட்டு, ஆழம் மாற மாறத் தனித்தனியாக மண் மாதிரி எடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போய்ச் சோதிப்பது போதவே போதாது. ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களைக் களிமண் பெரும்பாலும் பிடித்துவைத்துக்கொள்ளும். குளோரைடு மண்ணில் ஒட்டாது, நீரோடு போய்விடும். அதனால் மேட்டின் அடிமண் ஓரளவு நன்றாக இருந்தும், நிலத்தடி நீர் ஓடும் திசையில் தள்ளியிருக்கும் கிணற்றில் குளோரைடும் அம்மோனியாவும் ஏறியிருக்கலாம். நீர் வரும் பக்கத்துக் கிணறு, போகும் பக்கத்துக் கிணறு இரண்டிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால்தான் எது குப்பையால் வந்தது என்று தெரியும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுப்பது இன்னும் நல்லது. பள்ளிக்கரணை சதுப்பில் உள்ள பெருங்குடி போன்ற இடத்தில் நீர்மட்டம் மேலேயே நிற்பதால் இதைத் தவிர்க்கவே முடியாது.

இனி தமிழ்ச் சொல். 'கசிவுநீர்' என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும். வேளாண் துறையில் 'கசிவுநீர்க் குட்டை' என்பது மழைநீரைத் தேக்கிக் கிணற்றுக்கு ஊற வைக்கும் குட்டை. உழவருக்கு அது நல்ல நீர். 'வடிநீர்' என்றால் வயலில் வடிந்த உபரி நீரும் அதில் அடங்கும். 'குப்பைச்சாறு' காதுக்கு இனிமை இல்லாவிட்டாலும் நம் ஊர் ஈரக் குப்பைக்குப் பொருந்துகிறது. ஆனால் வெளியிலிருந்து புகும் மழைநீர் அதில் விடுபடுகிறது. 'குப்பைக் கசிவுநீர்' என்பதே என் தேர்வு. எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. ஆய்வறிக்கையில் 'கழிவுநீர் மாசு' என்று இருந்தால், சாக்கடையைச் சொல்கிறார்களா, குப்பைக் கசிவுநீரைச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால், எந்தெந்தக் கிணறுகளில், எவ்வளவு ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்ற அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.