பின்னோக்கி ஊரும் பள்ளம்

சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றதும் நமக்கு நினைவு வருவது கொள்ளையர்கள்தான். அவர்களை ஒளித்து வைத்தது காடல்ல. மழைநீர் குடைந்த பள்ளங்கள். மத்தியப் பிரதேசத்தின் மொரேனா, பிண்ட் பக்கம் சமவெளி திடீரென உடைந்து, ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டிய மண்சுவர்களாக நிற்கிறது. ஊர்க்காரர்கள் இதை 'பீகட்' என்பார்கள்.

இத்தனைக்கும் தொடக்கம் மழைத்துளி. 5 மி.மீ. குறுக்களவுள்ள துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். வெற்று மண்ணில் அடித்தால் கட்டி சிதறித் துகள் தெறிக்கும். மழை விட்டபின் வீட்டுச் சுவரின் அடியில் செம்மண் கறை பார்த்திருப்பீர்களே, அது இந்த வேலைதான். நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிட, உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலேயே வழிகிறது.

முதலில் அது மெல்லிய படலமாக ஓடும். பெரிய திருட்டு இங்கேதான். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மேல்மண் போனாலே 10 டன்னுக்கு மேல். வயலுக்குச் சொந்தக்காரர் கண்ணில் அது படாது. பிறகு தாழ்ந்த இடங்களில் நீர் கூடும், கூடிய நீர் வேகம் பிடித்து அறுக்கும், அறுத்த தடத்துக்கே அடுத்த மழையும் வந்து சேரும். விரலளவு தடங்கள் ஓர் உழவில் மறைந்துவிடும். போன மண் மட்டும் திரும்பாது.

கலப்பையால் மூட முடியாத ஆழம் வந்துவிட்டால் அது ஓடை. அதன் தலையில், அதாவது மேல்முனையில், சின்னதாக ஓர் அருவி இருக்கும். விழும் நீர் அடியைக் குடைய, மேலே தொங்கும் மண் சரிய, அருவி ஓரடி பின்னே போகும். நீர் கீழே ஓடுகிறது, பள்ளம் மேட்டை நோக்கி ஏறுகிறது! சம்பல் ஆறு தன் படுகையை ஆழமாக வெட்டியிருப்பதால், அதில் சேரும் ஓடைகளும் அந்த மட்டத்துக்கு இறங்கப் பார்க்கின்றன. தடுக்கப் பாறை இல்லை, எல்லாம் வண்டல். வெடிப்புகளில் புகும் நீர் நிலத்தடியில் குழாய்போல் குடைந்து, கூரை இடிந்து புதுப் பள்ளம் திறப்பதும் உண்டு.

பள்ளத்தின் அடி மேலும் ஆழமாகாத நிலையில்தான் சுவர்கள் சரிந்து சாய்வாகி, புல் பிடிக்கும்.

இயந்திரம் வைத்துப் பள்ளத்தை நிரவி விதைக்கிறவர்கள் அங்கே நிறைய. ஆற்றுக்கும் வயலுக்கும் இடையிலான உயரம் அப்படியேதான் இருக்கிறது. கொட்டிய மண்ணோ இறுகாதது. பெருமழையில் பழைய தடம் மீண்டும் திறக்கிறது. என்னைக் கேட்டால், வேலையைத் தொடங்க வேண்டியது பள்ளத்தில் அல்ல; அதன் தலைக்கு மேலே, இன்னும் உடையாத வயலில், வரப்பு போட்டு நீரைத் திருப்புவதில்.