ஃப்ரீஸ் ட்ரைடு பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

மறுபடியும் அதே புகார்: "பாக்கெட் பிரிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு, ஸ்ட்ராபெர்ரி ரப்பர் மாதிரி இழுக்குது. சரக்கு மட்டம்." எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், ஃப்ரிட்ஜில். ஜூஸ் கடைக்காரர்களே, சரக்கு மட்டமில்லை. வைத்த இடம்தான் தப்பு.

பெயரில் உள்ள 'ஃப்ரீஸ்' செய்யும் முறையைச் சொல்கிறது, வைக்கும் முறையை அல்ல. உறையவைத்த பழத்திலிருந்து வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது 2 முதல் 4 சதவீத ஈரம். உயர்ரக இன்ஸ்டன்ட் காபித் தூளும் இப்படித்தான் தயாராகிறது, அதை யாரும் ஃப்ரிட்ஜில் வைப்பதில்லையே! பனி இருந்த இடமெல்லாம் இப்போது நுண்துளை. ஜில்லென்ற டப்பாவை வெளியே எடுத்து உடனே திறந்தால், காற்றின் ஈரம் குளிர்ந்த துண்டுகள்மேல் வியர்த்துப் படியும், துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்தால் அப்பளம் நமுத்த கதைதான். நமுத்ததை வெயிலில் காயவைத்தாலும் மொறுமொறுப்பு திரும்பாது, தோல் மாதிரி இறுகும்.

அலமாரியில், வெளிச்சம் படாத இடத்தில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்த அன்றே ஒரு நாள் தேவைக்குச் சிறு கவர்களாகப் பிரித்துவிடுங்கள். ஈரக் கையும் ஈரக் கரண்டியும் கூடவே கூடாது.

250 மில்லி பானத்துக்கு 3 முதல் 5 கிராம் பழத்தூள் போதும். ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் ஐந்து ஐந்து நொடியாக விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகித் தூள் கட்டிதட்டும். சோடாவில் நேரே கொட்டினால் நுரை பொங்கி மேஜையெல்லாம் வழியும். முதலில் சிரப்பில் குழைத்து, அதன்மேல் சோடாவை மெதுவாக ஊற்றுங்கள். அலங்காரத் துண்டு கொடுக்கும் நொடியில்தான் மேலே ஏறவேண்டும், மிதந்தபடியே ஓரிரு நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

அன்னாசி, கிவி, பப்பாளித் தூளைப் பாலில் கலந்து வைக்காதீர்கள். இந்த உலர்த்தலில் அவற்றின் நொதிகள் பெரும்பாலும் அழிவதில்லை. அந்த நொதிகள் பாலிலுள்ள புரதத்தை உடைத்துக் கசக்கவைக்கும். லெமன் சோடாவுக்கு இந்தத் தூள்கள் அருமை.

கிருமியும் இதில் சாவதில்லை, ஈரமில்லாமல் முடங்கிக் கிடக்கிறது. நீரில் ஊறவைத்த பழம் புதுப்பழத்துக்குச் சமம். மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்துவைக்க வேண்டாம். (ஃப்ரிட்ஜ் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் அன்றைக்கு மட்டும்.) 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதி நீரிழிவுக்காரருக்கு விற்கிறீர்களே, 10 கிராம் மாம்பழத் தூள் சுமார் 60 கிராம் பழத்துக்குச் சமம். சர்க்கரை மட்டும் 8 கிராம் வரும்.

ஒரு வேண்டுகோள். பாக்கெட்டுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காக இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பழத்தோடு சேர்ந்து மிக்ஸிக்குப் போகிறது. பழத்தைத் தட்டில் கொட்டுங்கள், பொட்டலத்தைக் கண்ணால் பார்த்துத் தனியே எடுங்கள், அதன் பிறகு ஜாரில் போடுங்கள்.